கை கட்டிக் கேட்ட பக்கம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பேர் சின்னப்பையன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இந்தச் சேர்வராயன் மலையில் என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காப்பிக்கொட்டை பொறுக்கும் பெண்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிற வேலையை நாகலூர் ரோட்டுக் குடோனில் உண்டாக்கினேன். எனக்கு முன்னால் அப்படி ஒரு வேலை இங்கே இல்லை. தகரப் பெட்டிக்குள் கிடந்த புத்தகங்களை இரண்டு பீரோ அளவுக்குப் பெருக்கினேன். சேலத்துப் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கி, கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வெள்ளக்கடை ஊர்க் குடோனிலும் வாசிக்க ஆள் பழக்கினேன். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். எஸ்டேட் கை மாறியது. டிவி வந்தது, செல்போன் வந்தது. வாசிப்பு நிற்கவில்லை. நிற்காமல் வைத்தது நான்தான். இந்த வயதில் இதில் தன்னடக்கம் பார்க்க எனக்கு நேரமில்லை.

நாலு குடோனில் வாசிக்கப் புதிதாக வந்திருக்கிற கண்ணுகளா, நீங்கள் எல்லோரும் டிகிரி படித்தவர்கள். போன வாரம் வந்து கதவோரம் நின்று கேட்டேன். குரல் நன்றாக இருக்கிறது, உச்சரிப்பு சுத்தம். வாசிக்கக் கற்றுத்தர நான் வரவில்லை. எதை எப்போது மாற்ற வேண்டும், எப்போது எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், அந்த முடிவுக்கு எதைப் பந்தயம் வைக்க வேண்டியிருக்கும், அதைச் சொல்கிறேன்.

நான் முதலில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவனாக இருந்தேன். ஒரு மழை நாளில் பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்தேன். முதுகு போயிற்று. மேஸ்திரி பார்த்துப் பொறுக்கு குடோனில் உட்கார வைத்தார். சுற்றிலும் பெண்கள், நடுவில் மீசையோடு நான் ஒருவன். முறத்தில் கருப்புக் கொட்டை, உடைசல், பூச்சி துளைத்தது எல்லாம் பிரித்தெடுக்க வேண்டும். மூட்டை தூக்கிப் பழகிய விரலில் கொட்டை எங்கே நிற்கும்? "மாப்பிள்ளைக்குப் பூ வெச்சு உடுங்கடி" என்று தினமும் கேலி. சாயங்காலம் அவர்கள் சாக்கெல்லாம் நிறைந்திருக்கும். என் சாக்கு இடுப்பொடிந்த மாதிரி பாதியில் மடங்கிக் கிடக்கும்.

ரோஸிலி என்று ஒரு பெண். பத்தாவது வரை மிஷன் பள்ளியில் படித்தவள். அவள் கொண்டுவந்திருந்த மாத நாவலைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துச் சத்தமாக வாசித்தேன். கேலியை அடக்கத்தான். மணி அடித்த பிறகும் அவர்கள் விடவில்லை. கதையில் வருகிற பெண் பஸ் ஏறினாளா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். என் சாக்குக்கு என்ன வழி என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு படி போட்டுவிடுகிறோம் என்றார்கள்.

அன்றைக்குப் பிறந்த ஏற்பாடு அது. பொறுக்கிய கொட்டையில் ஒவ்வொருத்தியும் ஒரு படி அளந்து என் சாக்கில் கொட்டுவாள். சாக்கு நிறைந்தால் எனக்குக் கூலி. ஒருத்தி படி போடவில்லை என்றால் அன்றைய வாசிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று பொருள். வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம். உங்களுக்கு மாதச் சம்பளம். எனக்கு ஒவ்வொரு சாயங்காலமும் பரீட்சை.

நான் வாசித்ததெல்லாம் ஒரே வகைக் கதை. பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள், காலேஜில் முதல் வருசம், ஹாஸ்டல், தோழியோடு சண்டை, பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன், அப்பாவின் கோபம். நீங்கள் இளையோர் நாவல் என்கிறீர்கள். நாங்கள் வயசுக் கதை என்போம். அதை நான் கேவலமாகப் பேச மாட்டேன். எனக்குச் சோறு போட்டது அது. சின்ன வாக்கியம், தெரிந்த வார்த்தை, என் படிப்புக்குத் தோதாக இருந்தது. இன்னொரு சௌகரியமும் உண்டு. ஓடுகிற கதைக்குக் கையும் ஓடும். அந்தப் பெண் பஸ்ஸைத் துரத்துகிற பக்கம் வந்தால் முறங்களில் கொட்டை தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி சத்தம் போடும். சூப்பர்வைசருக்கும் சந்தோசம்.

இப்படியே சில வருசம் போனது. இந்த வேலையில் என்னை அசைக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோர வரிசையில் அருக்காணியக்கா உட்காருவார். என்னை விட மூத்தவர். அந்த வரிசை முழுக்க அவர் வயசுக்காரர்கள். அவர் பார்த்துத் தலையாட்டினால் அந்த வரிசையே தலையாட்டும். ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் படி போட்டார்கள், அவர் போடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நானே சாக்கை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஏனுங் தம்பி" என்றார். "வருசம் வருசமா எங்களைப் பதினேழு வயசுலயே நிறுத்தி வெச்சிருக்கறீங்க. எனக்குப் பேத்தி பொறந்தாச்சு. கல்யாணம் ஆனதுக்கப்பறம் ஒருத்திக்கும் கதையே நடக்கறதில்லீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மறுநாள் ஜன்னலோர வரிசை மொத்தமும் படி போடவில்லை.

அப்போதுதான் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார். மலைக்குக் கீழிருந்து வந்தவர், சின்ன வயசு, எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். குறைச் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். இந்த வாரம் இன்னொரு தடவை குறைந்தால் என்னை மறுபடி லோடுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு மூட்டை தூக்கினால் நான் அதோடு படுக்கைதான் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

சரி, பெரியவர்கள் கேட்கிற மாதிரி வேறு ஏதாவது வாசிக்கலாம் என்று ரோஸிலியிடம் சொன்னேன். அவள் வரிசையில் எல்லாம் கல்யாணமாகாத பெண்கள்.

"பாதியில நிறுத்துனீங்கன்னா எங்க படியும் வராதுங்கண்ணா" என்றாள். "அந்தக் கெழவிங்களுக்குக் கதை வேணும்னா கோயில்ல போயி கேட்டுக்கட்டும்."

ஒரு பக்கம் போனால் இந்தப் படி போகும், இன்னொரு பக்கம் போனால் அந்தப் படி போகும். இரண்டு நாள் தூக்கமில்லை.

பாதியில் இருந்த வயசுக் கதையை வேகவேகமாக முடித்தேன். முடித்த கையோடு எழுந்து நின்று சொன்னேன். சேர்வராயன் கோயில் திருவிழா வரைக்கும் வயசுக் கதை கிடையாது. அதுவரை வேறு வேறு வயசு, வேறு வேறு ஊர், வேறு வேறு பிழைப்பு, எல்லாம் வாசிப்பேன். திருவிழா முடிந்து யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு மறுபடி ஆரம்பிப்பேன். பிடிக்காதவர்கள் படி போட வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். பெரிய புத்தகம் எதையும் நான் அதுவரை வாசித்ததே இல்லை.

ஒருவரிடம் போனேன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவர். என்னை விட வயதில் சின்னவர், தன் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். விசயத்தைக் கேட்டுவிட்டு அட்டை கிழிந்த ஒரு தடித்த நாவலைக் கொடுத்தார். முதல் பக்கமும் இல்லை, பேரும் இல்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "தெரியாத எடம் வந்தா நின்னுருங்க. தெரிஞ்ச மாதிரி இழுத்துட்டுப் போனீங்கன்னா கேக்கறவங்க உங்களை உட்டுட்டுப் போயிருவாங்க."

புத்தகத்தில் ஐம்பது வயசு தாண்டிய ஒரு பெண். மானாவாரிக் காடு, ஒரு கிணறு, இரண்டு மகன்கள். நிலத்தை விற்கச் சொல்லி மகன்கள் வற்புறுத்துகிறார்கள். காதல் இல்லை, காலேஜ் இல்லை. முதல் நாள் நான் தடுக்கித் தடுக்கி வாசித்தேன். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகிறது. எங்கே மூச்சு விடுவது? ரோஸிலி வரிசை வேண்டுமென்றே கொட்டாவி விட்டது. ஆனால் சாயங்காலம் ஜன்னலோர வரிசை படி போட்டது. அருக்காணியக்கா தலை தட்டாமல் குவித்தே அளந்தார். ரோஸிலி வரிசையும் முறைத்துக்கொண்டே போட்டது. போடாமல் விட்டால் நான் லோடுக்குப் போவேன் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

நாலைந்து நாளில் தேறிவிட்டேன் என்று நினைத்தேன். அங்கேதான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். உங்களில் யாரும் இதை விட்டுவிடக் கூடாது. வயசுக் கதைக்குக் கை ஓடும் என்று சொன்னேன் அல்லவா? இந்தப் புத்தகத்துக்குக் கை நின்றது. நின்றால்கூடப் பரவாயில்லை. கை தன்பாட்டுக்கு நகரும், மனசு அதில் இருக்காது. நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், முறத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணை மகன்கள் பதிவு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போகிற இடம் வந்தது. கட்டைவிரலில் மை தடவிவிட்டார்கள். பத்திரம் முன்னால் இருக்கிறது. அவள் நிமிர்ந்து மூத்தவனைப் பார்க்கிறாள். அந்த வரியை நான் வாசிக்கும்போது குடோன் வாசலில் ஜீப் வந்து நின்றது. கொட்டை வாங்குகிற கம்பெனி ஆள் இறங்கினார். சூப்பர்வைசர் அவரை உள்ளே கூட்டி வந்தார். நான் புத்தகத்தை மூடினேன்.

வந்தவர் கட்டிவைத்த ஒரு சாக்கை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையை விரித்தார். கருப்புக் கொட்டை. இன்னொரு சாக்கு. அதிலும் கருப்பு, உடைசல். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் மதியம் லாரி வரும்போது மறுபடி பார்ப்பதாகவும், இப்படியே இருந்தால் அந்த லாட்டுச் சரக்கு மொத்தமும் வேண்டாம் என்றும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சூப்பர்வைசர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவருக்கும் புது வேலை. சாக்கையெல்லாம் தரையில் கொட்டச் சொன்னார். காலையில் வந்து மதியத்துக்குள் திரும்பப் பொறுக்க வேண்டும். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "நாளைக்கு லாட்டு போகலைன்னா வாசிப்பும் கிடையாது, நீயும் இங்க கிடையாது."

மறுநாள் காலை மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிட்டது. தரையில் மலை மாதிரி கொட்டை. எல்லோரும் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். நானும் முறத்தை எடுத்தேன். இன்றைக்கு வாசிப்பு வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து ரோஸிலி எழுந்து வந்து ஜன்னலோர வரிசையில் அருக்காணியக்கா நல்ல கொட்டை என்று பொறுக்கி வைத்த குவியலில் ஒரு பிடி அள்ளினாள். என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பாதி கருப்பு.

"ஏனுங்கக்கா, கண்ணைத் தொறந்துட்டே தூங்கறீங்களா?" என்று கேட்டாள். "இவரு வேலை போகப் போவுது."

அருக்காணியக்கா கோபப்படவில்லை. தன் கையையே பார்த்தார். "கை என்ன பண்றதுன்னே தெரியலீங் தம்பி" என்றார் என்னிடம். "அவ வெரல்ல மை அப்பிடியே இருக்குது. வெச்சாளா, வெக்கலயா? ராத்திரியும் அதேதான்."

அவர் மகன் அந்த மாதம்தான் திருப்பூரிலிருந்து வந்து, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி கேட்டுவிட்டுப் போயிருந்தான். அதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ரோஸிலி வரிசையில் ஒருத்தி பழைய வயசுக் கதையில் ஏதாவது ஒன்றை வாசிக்கச் சொன்னாள், கை ஓடுமாம். நல்ல யோசனைதான். எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் நான் ஜன்னலோர வரிசையைப் பார்த்தேன். அத்தனை பேர் கண்ணும் ஒரே மாதிரி இருந்தது. என்னதான் ஓட்டமான கதையை வாசித்தாலும் இவர்கள் பதிவு ஆபீசை விட்டு வர மாட்டார்கள். அங்கேயே நின்றுகொண்டு இங்கே பொறுக்குவார்கள்.

கண்ணுகளா, இந்த இடத்தில் நான் எடுத்த முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் சொல்லிக்கொடுத்து எடுத்ததல்ல.

எல்லோரையும் முறத்தைக் கீழே வைக்கச் சொன்னேன். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஒருத்தரும் ஒரு கொட்டையைத் தொடக் கூடாது. மதியம் லாரி, தரையில் மலை மாதிரி வேலை, அப்போது கையைக் கட்டு என்றேன். ஒருத்தி எனக்குக் காய்ச்சலா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். நான் புத்தகத்தை எடுத்து விட்ட வரியிலிருந்து தொடங்கினேன்.

ஒரு பக்கம்கூட முடியவில்லை, சூப்பர்வைசர் உள்ளே வந்தார். குடோன் முழுக்கக் கை கட்டி உட்கார்ந்திருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"இன்னும் கொஞ்சம் பக்கம் இருக்குதுங் சார்."

"சின்னப்பையா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"இதை முடிச்சுட்டா கை வேலைக்கு வந்துருமுங்க. முடிக்கலைன்னா நீங்க பக்கத்துலயே நின்னாலும் கருப்புதான் வரும்."

"அப்படியும் வரலைன்னா?"

"நானே போயி மூட்டைக்கு முதுகைக் கொடுக்கறேனுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. முதுகில் பழைய இடம் அப்போதே வலித்தது. அவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். போகவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்தேன். அந்தப் பெண் மனசுக்குள் பேசுகிற ஒரு நீளமான இடம் வந்தது. வாக்கியத்துக்கு முடிவே இல்லை. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. குத்துமதிப்பாக இழுத்துக்கொண்டு போகலாம். அத்தனை கண்ணும் என் வாயில் இருக்கிறது, கதவில் அந்த ஆள் நிற்கிறார். சர்ச் ஆள் சொன்னது ஞாபகம் வந்தது. நின்றுவிட்டேன்.

"இந்த எடம் எனக்குப் பிடிபடலீங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ரோஸிலி எழுந்தாள். அத்தனை நாள் கொட்டாவி விட்ட பெண். என் பக்கத்தில் வந்து குனிந்து, அந்த வாக்கியத்தை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமாக வாசித்தாள். பத்தாவது படித்த வாய் அல்லவா, சரியாக ஏறி இறங்கியது. நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்தையும் அவளே திருப்பினாள்.

அந்தப் பெண் மை தடவிய விரலைப் பத்திரத்தில் வைக்கவில்லை. தலைமுடியில் துடைத்துக்கொண்டு எழுந்து, வெயிலில் இறங்கி, வந்த வழியே நடக்கிறாள். மகன்கள் பின்னால் கூப்பிடுகிறார்கள். அத்தோடு அந்தப் பாகம் முடிகிறது.

அருக்காணியக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். கட்டைவிரலைச் சேலையில் ஒரு தடவை துடைத்தார், அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"செரி, முறத்தை எடுங்கடி" என்றார்.

கண்ணுகளா, அதற்கப்புறம் அந்தக் குடோனில் கேட்ட சத்தத்தை நான் எந்த வயசுக் கதைக்கும் கேட்டதில்லை. கூரையில் கனமழை. சூப்பர்வைசர் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாக்கு பிடிக்க வந்தார். லாரி வந்து ஹாரன் அடித்தபோது கடைசிச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தோம்.

கம்பெனி ஆள் வந்தார். முழங்கை வரை கையை விட்டார். அடியில் ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி. தட்டில் கொட்டி, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். அவர் விரல் நகர்கிற இடமெல்லாம் என் முதுகுக்குள் யாரோ விரலை வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு சாக்கை அவிழ்க்கச் சொன்னார். ஜன்னலோர வரிசையுடையது. அதையும் நகர்த்தினார்.

"ஏத்துங்க" என்றார்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

திருவிழா வரைக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மீன்பிடிக்கிற ஊர்க் கதை, நாடகக் கம்பெனியில் இருந்தவர் சொந்த வாழ்க்கை, பஞ்ச காலக் கதை, ஒரு டாக்டர் எழுதிய அனுபவம், எல்லாம் வாசித்தோம். வாசித்தோம் என்றுதான் சொல்கிறேன். கடினமான இடமெல்லாம் ரோஸிலிக்கு, மற்றதெல்லாம் எனக்கு. திருவிழா முடிந்து யாருக்கு எது வேண்டும் என்று கேட்டேன். ரோஸிலி வரிசை வயசுக் கதை கேட்டது. வேடிக்கை என்னவென்றால் அருக்காணியக்காவும் அதையே கேட்டார். வாசித்தேன். பாதியில் அவர் என்னை நிறுத்தினார்.

"ஏனுங் தம்பி, அந்தப் புள்ள படிக்கறப்பல்லாம் காப்பி டம்ளரோட வந்து வெச்சுட்டுப் போறாளே ஒரு அம்மா, அவ பேரு என்னங்க?"

புத்தகம் முழுக்கத் தேடினேன். பேரே போடவில்லை. இத்தனை வருசம் அந்த அம்மா எல்லாக் கதையிலும் வந்து டம்ளரை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. வயசுக் கதையைக் கொஞ்ச காலம் தள்ளி வைத்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான். வேறு இடமெல்லாம் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் அதே கதையில் இன்னொரு ஆள் நின்றுகொண்டிருக்கிறாள்.

உங்கள் குடோனிலும் ஒரே வகையைத்தான் கேட்பார்கள். கொடுங்கள், தப்பில்லை. வருசத்தில் கொஞ்ச நாள் அதை நிறுத்தி வையுங்கள். முறைப்பார்கள், தாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து முழுசாக வாசித்து, எந்தப் பக்கத்தில் கை நிற்கும் என்று பார்த்து வையுங்கள். அந்தப் பக்கம் வந்தால் முறத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மேலே இருப்பவர் கடிகாரத்தைக் காட்டினாலும் பயப்படாதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விசயம். கை கட்டிக் கேட்கிற வழக்கம் நாலு குடோனிலும் இன்றைக்கு இருக்கிறது. நாகலூர்க் குடோன் சுவரில் அதைப் பற்றி ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். நிர்வாகத்தின் முயற்சியால் தொடங்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. நிர்வாகம் அன்றைக்குக் கதவில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகைப் பந்தயம் வைத்தவன் நான். அந்த போர்டைக் கழற்றிவிட்டு வேறு எழுத வேண்டும். முதலில் என் பேர், சின்னப்பையன் என்று முழுசாக. இரண்டாவது அருக்காணி. மூன்றாவது ரோஸிலி. வரிசை மாறக் கூடாது.

மாட்டுகிற அன்றைக்குச் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து சத்தமாக வாசிக்கிறேன். அந்த நேரம் மேனேஜர் உட்பட எல்லோரும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.